ஞாயிற்றுக்கிழமை ஓசோன்

மார்ச் 4, ஞாயிறு
காற்று அளக்கும் நிலையத்தில் இன்று என் முறை. பேருந்துகள் பாதிதான் ஓடின. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மூச்சைக் கெடுக்கும் ஓசோன் வெள்ளிக்கிழமையைவிட அதிகம். கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா?

மார்ச் 5
அதிகாரி சொன்னார்: "முதல்ல மெஷினைச் சரிபாருங்கம்மா. ஆராய்ச்சி அப்புறம்." சரிபார்த்தேன். கருவிக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 11, ஞாயிறு
மறுபடியும் அதே. பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒரு வருடமாகவே ஞாயிறுகளில் இப்படித்தான். யாரும் கவனிக்கவில்லை – நானும்தான்.

மார்ச் 14
பிடிபட்ட மாதிரி இருக்கிறது. வண்டிப் புகையில் இருக்கும் ஒரு வாயு ஓசோனைத் தின்றுவிடும். வண்டி குறைந்தால் தின்ன ஆளில்லை. சரி, ஓசோன் உண்டாவது எதனால்? வெயிலும் வண்டிப் புகையும் மட்டும் போதாது. ஆவியாகிற ஏதோ ஒன்றும் கூடச் சேர வேண்டும். எது? எங்கிருந்து? காற்றைச் சுத்தமாக்க மே மாதம் பேருந்துகளைக் குறைக்கப் போகிறார்களாம்; ஆவியை விட்டுவிட்டு அதை மட்டும் செய்தால் ஓசோன் கூடத்தான் செய்யும். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 22
ஆறு தெருக்களில் எஃகுக் குடுவைகளில் பிடித்த காற்றின் முடிவு வந்தது. மரச்சாமான் தெருவில் மட்டும், பாலிஷில் கலக்கும் தின்னரின் ஆவி மற்ற தெருக்களைவிட ஒன்பது மடங்கு. அங்கே வைத்த வடிதாளில் படிந்த நுண்துகளில் பெரும்பங்கும் அதே ஆவியிலிருந்து உண்டானதுதான். ஓசோனுக்கும் துகளுக்கும் ஒரே ஆள், இரண்டு வேஷம்! உட்கார முடியாமல் அறைக்குள்ளேயே நடந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தெருவிலேயே பெரிய பாலிஷ் பட்டறை அக்காவுடையது.

மார்ச் 25, ஞாயிறு
அடுத்தவர் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன்.

"பஸ் கக்குற புகையெல்லாம் விட்டுட்டு என் பட்டறைதான் உன் கண்ணுல பட்டுச்சா?"

"உன்னோடது மட்டும் இல்லக்கா. பதினேழு பட்டறை."

"அப்போ பதினாறுன்னு எழுதேன்."

எழுந்து வந்துவிட்டேன். இருக்கிறது பதினேழு. எப்படி மாத்தி எழுதுறது? அவ முகத்துல எப்படி முழிக்கிறது?

மார்ச் 26
பட்டறை அக்காவுடையது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளிக்கவில்லை. "அந்தத் தெருவை வேற ஆள் மறுபடி அளக்கட்டும்" என்றார்.

ஏப்ரல் 9
மறு அளவீட்டிலும் அதே முடிவு. பதினேழு என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16
அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு
காலையில் அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தின்னர் டின்னெல்லாம் திறந்தே கெடக்கும்ல? ஒரு வாரமா மூடியே வெச்சிருக்கோம். வேலை செய்றவங்களுக்குச் சாயங்காலம் தலைவலி வரல." கொஞ்சம் தயங்கினாள். "ஆவி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியணும். யாரையாவது அனுப்பு. நீ அளக்க வராத, அப்புறம் தங்கச்சி குறைச்சு எழுதிட்டான்னு தெருவே பேசும்."

"அனுப்புறேன்க்கா."

"நீ சாப்பிட வா."