படத்தில் இருக்கும் மாலை

சரோஜினி நகர், டெல்லி
நவம்பர் 1979

அன்புள்ள பவுனுக்கு,

நம் சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா?

அண்ணனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காக, அவனோடு விமானப்படையில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எழுபத்தொன்று யுத்தத்தில் விமானத்தோடு எரிந்துபோனான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நேற்று இங்கே குவார்ட்டர்ஸில் ஒரு திருநெல்வேலிக்காரரைப் பார்த்தேன். எல்லைக்கு அப்பால் சிறையில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் திரும்பியவர். அண்ணன் படத்தைக் காட்டினேன்.

"அச்சா, இவனா? என் பக்கத்து அறைதான். பவுனு, பவுனுன்னு சம்சாரம் பேரையே சொல்லிக்கிட்டிருப்பான். நான் கிளம்புறப்பகூட கையாட்டினான்" என்றார்.

நான் யார் என்று கேட்டார். தம்பி என்று மட்டும் சொன்னேன்; உன்னைக் கட்டிக்கொண்டதைச் சொல்லவில்லை.

இந்த வருஷம் அவனுக்குப் படையல் போடாதே. படத்தில் இருக்கும் மாலையைக் கழற்றிவிடு. அம்மா ஏன் என்று கேட்டால், நான் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் கொழுந்தன்