சிரிக்கிற வட்டம்

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் அப்புறம் பேசறேன் என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. ஆய்வகத்தில் என்னைக் குழந்தைகள் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் எடுப்பதும் சமாதானம் சொல்வதுமாகப் பொழுது போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வேலைக்குப் போன ஊரில் உட்கார்ந்தபடியே நம் பெண்ணை மூன்று தனி வகுப்புகளில் சேர்த்துவிட்டீர்களே, அதைப் பற்றித்தான். கணக்கு வகுப்பில், எதிரே மணிச்சட்டம் இருப்பதாக நினைத்து விரலைக் காற்றில் ஆட்டிக் கூட்டச் சொல்கிறார்கள். இப்போது சாப்பிடும்போதும் விரல் ஆடுகிறது. கோடிங் வகுப்பில், திரையில் இருக்கும் பூனையை மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமாம். இவள் அதை வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டாள். பூனை வீட்டுக்குப் போகுது என்றாளாம். தப்பு என்று மறுபடி போட வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

என் வயிற்றெரிச்சல் அந்த வாழ்க்கைத் திறன் வகுப்புதான். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தைச் சுவர் அட்டையில் ஒட்ட வேண்டும். சிரிக்கிற மஞ்சள் வட்டம், அழுகிற நீல வட்டம். அதை வைத்துத்தான் உங்கள் போனுக்கு அறிக்கை வருகிறது. கிளம்பும்போதெல்லாம் இவள் வயிற்று வலி என்கிறாள் என்று நான் சொன்னதற்கு, சந்தோஷமா இருக்காள்னு வந்திருக்கே, நீதான் பெரிசு பண்றே என்றீர்கள்.

முந்தாநாள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு நானே கூட்டிவரப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அட்டை முழுக்க மஞ்சள், ஒரு நீலம்கூட இல்லை. படியிறங்கும்போது மகளைக் கேட்டேன். நீலம் ஒட்டினா மிஸ் தனியா உட்கார வச்சு ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, வேன் போயிடும்மா என்று சாதாரணமாகச் சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பிப் போய் அந்த மிஸ்ஸைக் கேட்டேன். எங்க பிள்ளைங்க எல்லாருமே மஞ்சள்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார். மனதில் இருப்பதைச் சொல்லக் கற்றுத்தருகிறோம் என்று வாசலில் பலகை வேறு.

நேற்று நீங்கள் கூப்பிட்டபோது வகுப்பு பிடிச்சிருக்கா என்று அவளைக் கேட்டீர்கள். சூப்பரா இருக்குப்பா என்று சிரித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினாள். உங்களுக்கும் அவசரம். வாயாடி என்று பெயர் வைத்தவரிடம் அவள் பேசியது அவ்வளவுதான். நாள் முழுக்க ஊசி குத்துகிறவள் நான். வலிக்கவே இல்லையே என்று சொல்லும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் மஞ்சள் வட்டம் ஒட்டப் பழகிவிட்டாள்.

நாளையிலிருந்து அவளை அந்த வகுப்புக்கு அனுப்பப் போவதில்லை. அதற்கு உங்கள் சம்மதத்தைக் கேட்டு இதை எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, பூனை எந்த வீட்டுக்குப் போச்சு என்று மட்டும் அவளைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வேனைக் கிளப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உங்கள் மனைவி