அக்கா வீட்டு முகப்புத் தூண்கள்

அக்கா,

இன்று சாரல் முகப்பு வரைக்கும் அடித்துவிட்டது. நனைந்த புதுத் தூண்களிலிருந்து வேப்பமரத்தின் பச்சை வாசனை கிளம்பி, என்னை உன் வாசலிலேயே உட்கார்த்திவிட்டது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் இந்த ஜில்லாவில் என்னைப் போலக் கடுதாசி எழுத ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில், இனி வைத்தியம் இல்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னபோது நீ ஒன்றுதான் கேட்டாய்.

"முகப்புல கட்டிலப் போடுலே. உள்ள எனக்கு மூச்சு முட்டும்."

முகப்பின் மரத்தூண் இரண்டும் அடி மக்கி, ஓட்டுக்கூரை எப்போது விழுமோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. உன் மகன் உள் அறையை ஒதுக்கக் கிளம்பினான். நான் விடவில்லை.

"நீ வருததுக்குள்ள புதுத் தூண் நிக்கும். இல்லன்னா கூரைய நானே தோளுல தாங்குதேன்க்கா."

"ஏலே, மொதல்ல உன் வாய்க்கு ஒரு முட்டுக் குடு" என்றாய்.

மறுநாளே ஆசாரியோடு இறங்கினேன். பனங்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, லாரி ஜாக்கியால் உத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி, பழைய தூண்களை உருவினோம். ஓடுகள் புரண்ட சத்தம் வள்ளியூர் வரை கேட்டிருக்கும். அடியில் பார்த்தால், தூணைத் தாங்கும் கல், நீ ஆசைப்பட்டுப் போட்ட டைல்ஸுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. மரத்தின் கால் ஈரத்திலேயே ஊறியிருந்தது.

"தெனமும் வாளி வாளியா ஊத்திக் கழுவுனா மரம் என்ன செய்யும் அண்ணாச்சி?" என்றார் ஆசாரி.

"இத எங்க அக்காகிட்ட மூச்சு விட்டீருன்னா தெரியும் சேதி வே."

பளபளவென்று கழுவிய முகப்புதான் உன் பெருமை. போகிற நேரத்தில் அதையே பழியாக உன் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்லை உயர்த்தி, தூண்களை நிறுத்தி, முட்டுகளை எடுத்தபோது வியாழக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. கூரை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து கட்டிலில் படுத்ததும் தூணைத் தடவிப் பார்த்தாய். "பழசு எப்படிலே மக்குச்சு?"

"கரையான்க்கா. ஒவ்வொண்ணும் நண்டுத் தண்டி. அள்ளுனா ஒரு வண்டி கொள்ளாது."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு பைய, "அந்தக் கரையான் காலையில வாளியும் வாரியலுமா வருமோலே?" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, உனக்கு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது.

அடுத்த வெள்ளியை நீ பார்க்கவில்லை. அந்த இரண்டு தூண்களுக்கு நடுவேதான் உன்னைக் கிடத்தினோம்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் தூண் புதிதாக இருக்கிறதே என்கிறார்கள். கரையான் கதையைத்தான் சொல்கிறேன். இப்போது அது எலித் தண்டிக்கு வளர்ந்துவிட்டது. உன் மகன்கூட, "அப்படியா மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறான். எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும், பாவம் என்று எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள் அக்கா. "போலே, புளுகுணி" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு, உன் கட்டில் கிடந்த பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.