படத்தில் இல்லாத மரம்

1995 மார்ச் 14, செவ்வாய். மாலை 6.40. இலைகள்: 41,300.

இலைக் கணக்கு நான் எண்ணியதல்ல, கணினி சொன்னது. ஒரு கிளை இரண்டாகப் பிரிய வேண்டும், ஒவ்வொன்றும் முன்னதில் முக்கால் நீளம், கொஞ்சம் திருகல். இதை ஒன்பது முறை செய்யச் சொன்னால் மரம் வந்துவிடுகிறது. நுனியில் இலைகளை ஒட்ட வேண்டியதுதான். போன வாரம் எங்கள் கட்டட வடிவமைப்பு ஆபீசில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: எந்த மரத்தை வேண்டுமானாலும் காட்டுங்கள், என் மெஷின் வளர்க்கும். பிளான் வரைகிற மார்க்கிரட் அக்கா, "தண்ணி யாரு ஊத்துவா?" என்றார். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நேர விரயம்.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் சைட்டுக்குப் போய்ப் பட்டையைப் படமெடுத்தேன். வரப்போகும் நாலு மாடிக் கட்டடத்தின் முன்னால் நிற்கிற பெரிய தூங்குமூஞ்சி மரம் அது. அதன் நிழலில் வண்டி போட்டு, ஐஸும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய செண்டோல் விற்கும் தாவூத் அண்ணன் கேமராவுக்குக் குடை பிடித்தார். "பட்டைய எதுக்கு பாஸ் போட்டோ புடிக்கிறீங்க? மரம் பாஸ்போர்ட் எடுக்கப் போவுதா?"

கட்டடத்தின் படத்தில் போட என்றேன்.

"அப்ப நம்ம வண்டியையும் போடுங்கலா. ஹஜ்ஜுக்குப் போனப்ப எடுத்ததுதான் கடைசி போட்டோ."

போடுகிறேன் என்றேன். ஐந்து மணிக்கு இலைகள் மடங்கத் தொடங்கின. என் இலைகள் மடங்கா. யாரும் கேட்க மாட்டார்கள்.

மார்ச் 21

மரம் வைத்த கட்டடப் படத்தை ஓட விட்டேன்; 63 சதவீதத்தில் நின்றுவிட்டது. திரை உறைந்து கிடக்கிறது. மெமரி போதவில்லை.

மார்ச் 22

மறுபடியும் 63. முதலாளி சீவரத்தினம் சாரிடம் கூடுதல் மெமரி கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார். முடியவில்லை என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கிளையண்ட் வருகிறார்.

மார்ச் 23

படத்திலிருந்து மரத்தை எடுத்துவிட்டேன்.

மார்ச் 24

அலங்காரப் பனை ஆறு வைத்தேன். ஒன்றைக் கட்டி, ஐந்து நகல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பினால் போதும். நாற்பது நிமிடத்தில் படம் வந்தது. தாவூத் அண்ணன் வண்டியையும் நீக்கினேன். மொட்டை வெயிலில் ஒரு செண்டோல் வண்டி நின்றால் கேள்வி வரும்.

கிளையண்டுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முகப்பு முழுக்கத் தெரிகிறதாம். இந்தப் படம் மாதிரியே கட்டிக் கொடுங்கள் என்றார். சார் என் முதுகில் தட்டினார்.

மார்ச் 27

மார்க்கிரட் அக்கா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "மரம் எங்கடா? பிளான்ல வெட்டக்கூடாதுன்னு வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"கிளையண்ட் வேணாம்னுட்டாரு. சார்தான் எடுக்கச் சொன்னாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா இந்த மனுஷன்," என்று முணுமுணுத்தபடி பிளேடை எடுத்தார். டிரேசிங் தாளில் அந்த வட்டத்தைச் சுரண்டினார். சர்க், சர்க். நான் அங்கேயே நின்றேன். தூளை ஊதித் தள்ளிவிட்டு, "இப்ப திருப்தியா?" என்றார்.

ஏன் சொன்னேன்? மெஷினால் முடியலைன்னு சொல்ல வாய் வரலை. அவ்வளவுதான். வேற காரணமே இல்லை.

ஏப்ரல் 11

சைட்டில் போர்டு வைத்துவிட்டார்கள். என் படம், லோரி அளவுக்கு. தாவூத் அண்ணன் அதில் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். பனைக்குக் கீழே நிற்கிற கோட்டுக்காரனைக் காட்டி, "இது நானா பாஸ்? ரொம்ப இளைச்சிட்டேன்லா," என்று சிரித்தார். இன்னொரு படம் இருக்கிறது, அதில் வருவீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் கொடுத்தார். குடித்தேன்.

ஏப்ரல் 18

அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி.

"பாஸ்போர்ட்டுக்கு ஸ்டாம்ப் அடிச்சிட்டாங்க பாஸ்," என்றார் அண்ணன். மரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் குறி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறார். அது என்ன குறி என்று எனக்குத் தெரியும். அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் வர அரை மணி நேரம் இருந்தது. வேறு ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஏப்ரல் 19

சார் அறை வரைக்கும் போனேன். போனில் இருந்தார். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 20

இன்று சார் போனில் இல்லை. அப்படியும் போகவில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி

கிள்ளான் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே ரம்பச் சத்தம் கேட்டது. ஓடினேன். ரோட்டுப் பக்கக் கிளைகள் தரையில் கிடந்தன. இலை இன்னும் விரிந்தே இருந்தது. தாவூத் அண்ணன் வண்டியைக் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

ஃபோர்மேன் சபாபதியிடம் நிறுத்துங்கள் என்றேன்.

"டிராயிங்ல மரம் இல்ல தம்பி. இல்லாத மரத்தத்தான் வெட்டுறோம். நிறுத்தணும்னா ஆபீஸ்லேர்ந்து சொல்லச் சொல்லு."

எதிர்க்கடை பப்ளிக் போன். மார்க்கிரட் அக்கா எடுத்தார்.

"அக்கா, சார் எடுக்கச் சொல்லல. நான்தான் எடுத்தேன். என் மெஷின்ல அந்த மரம் ஏறல. பொய் சொன்னேன்."

இன்னொரு காசு போட்டேன்.

"ஃபோர்மேனக் கூப்பிடு," என்றார். அவ்வளவுதான்.

மரத்தில் பாதி இருக்கிறது.

ஏப்ரல் 24

சார் கதவைச் சாத்தச் சொன்னார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுறதுக்கென்ன? நான் உம்மைத் தின்னப் போறேனே? மார்க்கிரட் என்னோட நாலு கிழமையாக் கதைக்கேல்ல. ஏனெண்டு இப்பதான் விளங்குது."

கிளையண்டிடம் அவரே பேசிவிட்டாராம். மிச்ச மரம் நிற்கும். படத்தை நான் மாற்ற வேண்டும்.

மார்க்கிரட் அக்கா வட்டத்தை மறுபடி வரைந்தார். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துவிட்டதால் மை ஊறிக் கசிகிறது. மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். "அந்தப் பக்கம் நில்லு, வெளிச்சத்த மறைக்கிற," என்றார்.

மே 3

பாதி மரத்தைக் கட்டினேன். இலைகள் 22,600. ஓட விட்டேன். 63-ஐத் தாண்டியது. 100.

வெட்டினதால மெஷின்ல ஏறிடுச்சு. அட, வந்துடுச்சே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சந்தோஷம். எனக்கு.

மே 4

தாவூத் அண்ணன் மரத்தடிக்குத் திரும்பிவிட்டார். உச்சிவெயிலில் ஐஸ்பெட்டி பாதி நிழலுக்கு வெளியே நிற்கிறது. ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கிறார். நான் போனபோது மூன்று பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவருதான்," என்று என்னைக் காட்டினார். "ஓடியாந்து ரம்பத்த நிறுத்துன பாஸ் இவருதான். இவரு இல்லன்னா இந்த மரம் மௌத்து."

மூவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் இடம்விட்டு நகர்ந்து, நிழலில் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். அண்ணன் நீட்டிய கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன்.

நாளை:

1. ஐந்து மணிக்கு முன்னால் போவது, இலை மடங்குவதற்குள்.
2. வெட்டுப்பட்ட பக்கத்தைப் படமெடுப்பது. நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது.
3. தாவூத் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்வது. ஆட்கள் இருந்தாலும். கிண்ணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்.
4. அதற்குப் பிறகும் அவர் சரி என்றால், வண்டியைப் படத்தில் வைப்பது. ஐஸ்பெட்டி வெயிலில் இருக்கிறபடியே.