மரவள்ளிக்கும் அமிர்தத்துக்கும் ஒரே உப்பு

2025 ஜூன் 9, திங்கள்
மேலக்கொல்லை மரவள்ளியில் அடி இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மக்னீசியம் குறைவு. சின்னசேலம் போய் ஒரு சாக்கு மக்னீசியம் சல்பேட் வாங்கி வந்தேன். இலையைப் பார்த்தே குறை சொல்வதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை.

என் வீட்டுக்காரி அமிர்தத்துக்கு மறுபடி கெண்டைக்கால் இழுப்பு. விரலும் நடுங்குகிறதாம். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, இதெல்லாம் இருக்கும்தான். வழக்கமான கேஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன்.

ஜூன் 12
மரவள்ளிக்கு அந்த உப்பைக் கரைத்துத் தெளித்தாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்
காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நெஞ்சு கன்னாபின்னான்னு அடிச்சிக்குதுங்க." விரல்கள் முறுக்கிக்கொண்டன. ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. முப்பது வருடம் கூட இருந்தவள் — இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 18
ரத்தத்தில் மக்னீசியம் 0.9. குறைந்தது 1.7 இருக்க வேண்டுமாம். மக்னீசியமா!

டாக்டர் ஷாலினிக்கு என் மகள் வயசுதான் இருக்கும். "சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா யூரின்ல வெளியே போயிடும் ஐயா" என்றார். அடைமழை கொல்லையின் சத்தை அடித்துக்கொண்டு போகுமே, அதுதானே இது?

நர்ஸ் ஊசிமருந்தை உடைத்து சலைனில் சேர்த்தார். புட்டியில் பெயரைப் படித்தேன். மக்னீசியம் சல்பேட். என் கொட்டகைச் சாக்கில் இருக்கும் அதே பெயர்! உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓடுகிற ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு சிட்டிகைகூட இருக்காதாம். அது இலையையும் பச்சையாக வைக்கிறது, இவள் நெஞ்சையும் ஒழுங்காக அடிக்க வைக்கிறது. என்ன படைப்பு இது!

சாயங்காலம் விரல்கள் விரிந்தன.

ஜூன் 19
"வேற மாத்திர ஏதாவது போடுறாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"கேஸ் மாத்திரதாங்க. நாலு வருசமா, தெனம் ஒண்ணு."

"யாரு எழுதிக் குடுத்தது?"

யாரும் இல்லை. நான்தான், மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்தேன். வருடக்கணக்கில் போட்டால் அதுவும் மக்னீசியத்தை உடம்பில் சேரவிடாதாம். பாவி நான். இலை மஞ்சளானது தெரிந்த கண்ணுக்கு இவள் விரல் தெரியவில்லையே.

ஜூன் 28
வீட்டில்தான் இருக்கிறாள்; கேஸ் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மக்னீசியம் மாத்திரை தீர்ந்துவிட்டது. பெயர் ஒன்றுதானே என்று சாக்கிலிருந்து அரை ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு போனேன்.

"நா இன்னா மரவள்ளிச் செடியா?" டம்ளரைப் பிடுங்கி வாசலில் ஊற்றினாள். அவளே டாக்டருக்குப் போன் போட்டு என்னைப் போட்டுக்கொடுத்தாள். "அது செடிக்குச் செஞ்சது ஐயா. இவங்களுக்கு எவ்ளோன்னு ரத்தத்த பாத்துதான் சொல்லணும்" என்றார் டாக்டர். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 21
மக்னீசியம் 1.9! சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. மண் பரிசோதனை அட்டை ஒட்டியிருக்கும் பக்கத்தில் அவள் ரிப்போர்ட்டையும் ஒட்டினேன்.

இன்று கொல்லைக்கு அவளும் வந்தாள். துளிர்த்த இலையெல்லாம் பச்சை. ஒன்றைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். விரல் நடுங்கவில்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாங்க, எலைய பாக்காம எங்க பாத்துக்கினு இருக்கீங்க?" என்றாள்.