நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஏழு பேர்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஐந்து முறை செத்தேன். இரண்டு முறை குளிரில், ஒரு முறை பசியில், ஒரு முறை ஆற்றின் மேலிருந்த பனி உடைந்து. ஐந்தாவது எப்படி என்று இன்னும் புரியவில்லை. சும்மா நின்றுகொண்டுதான் இருந்தேன்.

எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். "எதனால் இறந்தீர்கள்" என்ற கட்டத்தில் ஐந்தாவதற்கு மட்டும் "கவனக்குறைவு" என்று எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளின் அட்டையில் எழுதிய சொல். இப்போது எனக்கே.

மகளும் இன்னும் இரண்டு பேரும் இரண்டரை வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேம் இது. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை, மூன்று மேசை, நாலாவதாக எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதையும் விதிகளும் மகளுடையவை. படமெல்லாம் சித்திரக்காரி. புரோகிராம் எழுதுகிறவர் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். மௌனி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். இதுவரை கேமே விளையாடாத ஒருத்தர் ஆடிப் பார்க்க வேண்டுமாம். "உன்ன மாதிரி ஒண்ணுமே தெரியாத ஆள் கெடைக்கறது கஷ்டம்மா" என்றாள் மகள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் இரண்டு குமிழ். ஒன்று நடக்க, ஒன்று தலையைத் திருப்ப. இரண்டையும் சேர்த்துத் தள்ளுவது, ஒரு கையால் கரும்பலகையை அழித்துக்கொண்டே இன்னொரு கையால் எழுதுவது போல.

செப்டம்பர் 5, வெள்ளி

கட்டைவிரல் வீங்கிவிட்டது. இவர் மருந்துக்கடையை மூடிவிட்டு வரும்போதே களிம்பு கொண்டுவந்தார். ஆவிகளிடம் பேசுகிற விளையாட்டு என்று விளக்கினேன். "ஆவி எனக்குச் சளிக்குப் பிடிக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று மகள் பொறுமையாக உட்கார்ந்து சொன்னாள். குளிர்நாடுகள் பலவற்றில் ஷாமன் என்று ஒருவர் இருப்பாராம். மேளத்தை அடித்து, உடம்பை இங்கேயே விட்டுவிட்டு, உயிர் மட்டும் போய் விலங்குகளின் தாயையும் ஆற்றையும் பார்த்துப் பேசிவிட்டு வருவார். ஏதோ ஓர் இனத்தாருடைய சடங்கை அப்படியே எடுத்துவிடக் கூடாது என்று நிறையப் படித்து, இவர்களே ஒரு கூட்டத்தையும் அவர்கள் பழக்கங்களையும் கற்பனை செய்திருக்கிறார்கள். மந்திரவாதியா என்று கேட்டேன். இல்லையம்மா, தூது போகிறவள் என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்புத் தலைவி. எல்லாருக்காகவும் பயந்துகொண்டே தலைமையாசிரியர் அறைக்குப் போய், "மிஸ், மழை விட்டுருச்சு, வெளையாடப் போலாமா" என்று கேட்டு வருகிறவள். அனுமதி கிடைத்தால் ஐம்பது பேருக்கும். கிடைக்காவிட்டால் திட்டு அவளுக்கு.

விளையாட்டில் நான்தான் அவள். தோல் கூடாரம், அதில் ஏழு பேர், நடுவில் நெருப்பு. குளிர்காலம் நாற்பது நாள். அதுவரை எல்லாரும் உயிரோடு இருக்க வேண்டும். நான் மேளத்தை அடித்து மான்களின் தாயிடம் போய், எத்தனை மான் தரமுடியும் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டால் ஒன்றும் தரமாட்டாள். போயிருக்கும் நேரமெல்லாம் என் உடம்பு நெருப்போரம் கிடக்கும். நான் திரும்புவதற்குள் நெருப்பு அணைந்தால் கதை முடிந்தது. அதனால் எல்லாரும் விறகை மலையாகக் குவித்துவிட்டு, போனோம் வந்தோம் என்று ஓடி வருகிறார்களாம். இதுவரை யாரும் இருபத்தாறாம் நாளைத் தாண்டவில்லை.

ஜூனில் ஒரு வெளியீட்டுக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தாராம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெறகு பொறுக்கற கேம் எங்ககிட்ட ஏற்கெனவே மூணு இருக்கு" என்றாராம். இருபத்துநாலாம் தேதி மறுபடி வருகிறார். அதுதான் கடைசி. அவர் வேண்டாமென்றால் அறையைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போவது. மகளின் பழைய ஆபீஸ் அக்டோபர் ஒன்றுவரை அவள் இடத்தை வைத்திருக்கிறது.

சொல்லும்போது குரல் சாதாரணமாக இருந்தது. ரொம்பச் சாதாரணமாக. அதுதான் என்னவோ செய்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பதினேழாம் நாள் வரை வந்துவிட்டேன்! மான்களின் தாய் என்னைக் காக்க வைத்தாள், நானும் காத்திருந்தேன். பள்ளிக் கல்வி அலுவலகத்தில் உட்காராத பெஞ்சா.

கூடாரத்தில் இருக்கும் ஏழு பேரும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டார்கள். மேளத்தை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் போய்ப் பொத்தானை அழுத்தி, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். எல்லாரும் தினமும் அதே ஒரு வார்த்தைதான் சொல்கிறார்கள்: "குளிருது." பாவம், குளிரத்தானே செய்யும்.

செப்டம்பர் 13, சனி

முப்பத்தொன்று! அறையில் யாரும் நம்பவில்லை. சித்திரக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். மௌனி எழுந்து வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

விறகு பொறுக்குவதில் எனக்கு இயல்பாகவே ஒரு கை இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். இவர் நம்புகிற மாதிரி தலையாட்டினார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

என் கை ஒன்றும் இல்லை.

மௌனி மூன்று நாளாக என் ஆட்டத்தின் பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு முறை பதினோரு நிமிஷம் நான் திரும்பவே இல்லை. எந்த விறகும் நாலு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. நெருப்பு அணையவில்லை. ஏதோ பிழை என்று தேடியவர், மகளே மறந்துபோன ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு விதி எழுதியிருக்கிறாள்: யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறாயோ, அவர் நீ வரும்வரை நெருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார். ஆடிப் பார்த்தவர்கள் ஒருவர்கூட யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. வேலைக்காகாது என்று விட்டுவிட்டார்கள். கூடாரத்து ஏழு பேரும் விறகு போடுகிற படத்தை மட்டும் நீக்கினார்கள். கணக்கு உள்ளே அப்படியே இருந்துவிட்டது.

ஏழு பேர் எனக்காக நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், என் கண்ணுக்குத் தெரியாமல். நான் விறகைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் அந்த விதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, "இதுதாம்மா கேம். இதத்தான் நான் செய்ய நெனச்சேன்" என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

சண்டை. விதியைத் திரும்பக் கொண்டுவருவதில் மூன்று பேருக்கும் சம்மதம். ஆனால் திரையில் "சொல்லிவிட்டுப் போ" என்று எழுதிக் காட்ட வேண்டும் என்கிறார் மௌனி. இல்லாவிட்டால் கம்பெனிக்காரர் கண்டுபிடிக்கவே மாட்டார், அதே விறகுதான், போச்சு. எழுதிக் காட்டினால் அதுவும் இன்னொரு விறகாகிவிடும் என்கிறாள் மகள். இருபது வார்த்தைக்காரர் இன்று இருநூறு பேசினார். இருக்கிறது ஏழு நாள் என்றார்.

கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஏன் அப்படி வந்தேன்? தெரியும்ல எனக்கு? நல்லாத் தெரியும். சொன்னா பொண்ணு பக்கம் பேசறான்னு நெனைப்பாங்கன்னு பயம். நாளைக்கு அது தப்பாப் போச்சுன்னா அவ வாழ்க்கைல கைய வச்ச மாதிரி ஆயிரும்னு பயம். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பார்த்து "தெரிஞ்சா கையத் தூக்கு"ன்னு சொன்னவ — தன் முறை வந்தப்ப கைய மடக்கிட்டு வந்துட்டா.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் வகுப்புச் சுவரில் "நன்றி சொல்ல வேண்டும்" என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு அறுபது நன்றி வந்தது. காது வலித்தது. அடுத்த வருஷம் ஒட்டவில்லை. வருஷம் முழுக்க மொத்தமே நாலோ ஐந்தோ. அதில் மூன்று யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மௌனி யோசித்தார். "சரி. அவர் கண்டுபிடிக்கலன்னா?"



எழுத்து வேண்டாம் என்று முடிவானது. ஆனால் நெருப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் தெரிய வேண்டும். சித்திரக்காரி உடனே உட்கார்ந்துவிட்டாள். பதிலும் மாற வேண்டும் என்றாள் மகள்; போகிறேன் என்று சொன்னால் "குளிருது" என்பது நன்றாகவா இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

கரி படிந்த கைகள். சித்திரக்காரி நாலு நாளாகக் கைகளை மட்டுமே வரைகிறாள். என் கையையும் போட்டோ எடுத்தாள். சுண்ணாம்புக் கட்டி பிடித்த கை முதல் தடவையாகக் கரி பிடிக்கப் போகிறது.

செப்டம்பர் 24, புதன்

பத்தரைக்கு வந்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிற மனிதர், நாற்பது வயதிருக்கும். நான் ஆடிப் பார்க்கிறவள் என்று அறிமுகம் செய்தார்கள், மரியாதையாகச் சிரித்தார். யாரும் ஒரு வார்த்தையும் துப்பு கொடுக்கக் கூடாது என்று மகள் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். சொல்லும்போது பார்த்தது என்னை.

முதல் ஆட்டம், ஒன்பதாம் நாள் செத்தார். இரண்டாவது, ஏழாம் நாள். கெட்டிக்காரர், விறகை அடுக்கினதைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் ஏழு பேருக்கு நடுவில் சாமான்களுக்கு நடுவே நடப்பது போல நடக்கிறார். எனக்கு நாக்கு அரிக்கிறது. பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது, தெரிந்த பிள்ளை தப்பு விடையை எழுதுவதைக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்து போக வேண்டுமே, அந்த வேதனை. ஜன்னலோரம் போய் நின்று கீழே டியூபுக்குக் காற்றடிப்பதைப் பார்த்தேன்.

"புரியுது" என்றார். ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பெற்றோர் சொல்கிற புரியுது. மகள் சிரித்த முகமாக இருந்தாள். 

காபி சொல்லியிருந்தார்கள். அது வருகிற வரைக்கும் இன்னொரு தடவை என்றார்.

மூன்றாம் நாள் மேளத்தை எடுக்கப் போகும்போது கைக்குழந்தைக்காரி வழியில் நின்றாள். விலக்குவதற்காகத்தான் பொத்தானை அழுத்தினார். போயிட்டு வா, என்றாள் அவள். அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. மேளத்தை அடித்தார், போனார், அங்கே வழி தப்பினார். ஐந்து நிமிஷம். "அவ்வளவுதான், அணைஞ்சிருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு திரும்பினார்.

நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தையை மடியில் போட்டபடி அவள் உட்கார்ந்தே தூங்கியிருந்தாள். மணிக்கட்டு வரை கைகள் கறுப்பு.

கம்பெனிக்காரர் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்தினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். சித்திரக்காரி நகத்தைப் பார்த்தாள், மௌனி கூரையைப் பார்த்தார். நான் சைக்கிள் டியூபைப் பார்த்தேன்.

அடுத்த முறை மேளத்தை எடுத்தவர், கீழே வைத்தார். கூடாரத்தின் மூலையில் இருந்த கிழவரிடம் நடந்து போனார். பிறகு அவருக்கு அடுத்தவரிடம். நான் மனசுக்குள் எண்ணினேன் — நாலு, ஐந்து, ஆறு. ஏழு.

காபி வந்து ஆறிப்போனது. ஒரு மணிக்கு டிரைவர் போன் செய்தார். கொஞ்சம் இருப்பா என்றார். மூன்று மணிக்கும் அதையே சொன்னார். நாலரைக்கு இருபத்தெட்டாம் நாளில் செத்து, நோட்டைக் கேட்டு வாங்கி, காரணத்தை அவரே எழுதினார்: "அவசரம்."

வேண்டும் வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. மேலே பேச வேண்டும், தெரிவிக்கிறோம் என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும், போயிட்டு வரேன் என்றார். கடைசியாக என்னிடமும்.

செப்டம்பர் 26, வெள்ளி

போன் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. இவர்கூட இரண்டு நாளாகக் கிண்டல் செய்யவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நாற்பது. என்னையும் சேர்த்து எட்டுப் பேரும் உயிரோடு. பனி உருகி ஆறு ஓடுகிறது. இதற்கு மேல் என்ன ஆனாலும் இதைப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

மகள் ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். அந்தத் தொளதொளச் சட்டை, கொண்டை போட்ட தலையில் செருகின பென்சில். இவர் கடைச் சாவியைத் தேடிக்கொண்டே, பழைய ஆபீஸில் இந்தக் கோலத்தோடு உள்ளே விட்டிருக்கவே மாட்டார்கள் என்றார். நல்லவேளை என்றாள் அவள்.

பதினொரு மணிக்கு நான் மாடியேறினபோது மறுபடியும் சண்டை. இரண்டாவது குளிர்காலமும் வேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார்; அதில் கூடாரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று. ஒன்பதுக்கு மேல் யாராலும் சமாளிக்க முடியாது என்கிறார் மௌனி. மகள் பதினொன்று. சித்திரக்காரி, யார் ஜெயித்தாலும் கை வரையப் போவது தான்தான் என்கிறாள்.

என்னைக் கேட்டார்கள். இந்தத் தடவை யோசிக்கவில்லை, நாற்பது என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது? நாற்பத்தைந்துக்குக் குறைந்து எனக்கு வகுப்பே வந்ததில்லை.

மௌனி எழுந்து காபி குடிக்கப் போனார். படியிறங்கும்போது சிரிக்கிற சத்தம் கேட்டது.