துணியில் நிறம் வராத கதவு

என் மாமாவுக்கு, அதியமான்கோட்டைப் பட்டறையிலிருந்து உங்கள் மாது ஆசையோடு எழுதுவது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை திதி கொடுத்தோம். உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் பேசாமல் சாப்பிட்டு எழுந்து, கை கழுவும்போது ஒரு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு அந்தக் குழம்பு இறங்கவில்லை.

உங்கள் தம்பி முருகேசன் பிரஸ்ஸில் சொல்லி நோட்டீஸ் அடிக்கலாம் என்றான். உங்கள் போட்டோ, மேலே இரண்டு புறா, கீழே 'ஆறாத் துயருடன்' என்று எல்லோர் பெயரும். நான் வேண்டாம் என்றேன். துயரம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்த நோட்டீஸில் அடங்காது. எட்டாவது வரை படித்தவள், நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நம் மகள் செல்வி இதைத் தன் நல்ல கையெழுத்தில் நகலெடுத்துத் தருவாள். பட்டறை வாசலில் ஒட்டப்போகிறேன். நீங்கள் படிப்பீர்களோ என்னவோ, ரோட்டில் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. செல்வி பத்தாவதுக்குப் போகிறாள். கணக்கில் உங்களைப் போல, தமிழில் என்னைப் போல. கம்ப்ரஸருக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. இப்போது முருகேசன்தான் ஸ்பிரே கன் பிடிக்கிறான். உங்கள் நிதானம் அவனுக்கு இல்லை, அவசரத்தில் பெயின்ட் வழிந்துவிடுகிறது. ஆனால் முகம் சுளிக்காமல் திரும்ப அடிக்கிறான், அதற்காக நான் திட்டுவதில்லை. அதிகம் திட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது நான். முன்பு போலவே சாக்குத் திரைக்குப் பின்னால்.

அது என்ன சாக்குத் திரை என்று வாசலில் நின்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது என்றுதான் ஊர் நினைக்கிறது. அடித்துக் காய்ந்த பெயின்ட் எலுமிச்சைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறிய வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் அந்தப் புள்ளி போக நிதானமாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் காம்பவுண்டு என்கிற பசையைத் துணியில் தொட்டுக்கொண்டு, தோள் விட்டுப்போகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முகம் தெரிகிற பளபளப்பு வரும். பன்னிரண்டு வருஷமாக நம் பட்டறையில் அந்த வேலை என்னுடையது. வண்டிக்காரர் யாராவது வந்தால் நான் திரைக்குப் பின்னால் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"பொம்பள கை பட்டுச்சின்னு தெரிஞ்சா ஒருத்தனும் வண்டி வுடமாட்டான் மாது" என்பீர்கள்.

"பளபளப்பு என்னுது, பேரு மட்டும் உங்களுதா?" என்று நான் கேலி செய்வேன். நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். அதில் பாதி நேரம் எனக்குச் சிரிப்பே வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா மாமா?

சரி, அந்தக் கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

கடத்தூர் வெற்றிலை மண்டிக்காரர் பெங்களூரில் வாங்கிய காரை நம்மிடம் விட்டார். உள்ளே வெள்ளித்தூள் மின்னுகிற நீலம். நம் பக்கத்தில் அந்த மாதிரி நிறத்தை அதற்கு முன் நாம் பார்த்தது இல்லை. ஒரு பக்கக் கதவு இரண்டையும் போனட்டையும் லாரிக்காரன் உரசிவிட்டிருந்தான். நீங்கள் பெங்களூருக்கே போய் நிறம் கலந்து வாங்கி வந்தீர்கள். அப்போது அரூரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் இரண்டு நாள் போயிருந்தேன். அந்த இரண்டு நாளில் அடித்து முடித்துவிட்டீர்கள்.

நான் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நீங்கள் தீர்த்தமலையில் ஒரு காரியத்துக்குப் போக எதிர்ப் பக்கம் நிற்கிறீர்கள். உங்கள் பஸ்ஸும் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "டோரு ரெண்டும் போனட்டும் நல்லா காஞ்சிருக்கு. தேச்சி வெய்யி மாது, சாயங்காலம் வந்துடறன்."

நம் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சிவப்பு வண்டியைத் தேய்த்தால் துணி சிவக்கும், கறுப்பைத் தேய்த்தால் கறுக்கும். துணி நிறம் வாங்கவில்லை என்றால் வேலை இன்னும் ஏறவில்லை, அழுத்தித் தேய்க்க வேண்டும். அது நாம் இரண்டு பேரும் கண்ட வழக்கம், ஒரு நாளும் பொய்த்ததில்லை.

அன்றைக்குத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், தண்ணீர் வெள்ளையாக ஓடுகிறது. சோப்பு அதிகம் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். துணியைப் பார்த்தால் துணியும் வெள்ளை. காம்பவுண்டு கெட்டுப்போய்விட்டதோ என்று புது டப்பா உடைத்தேன். அப்போதும் வெள்ளை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முழங்காலை ஊன்றிக்கொண்டு அழுத்தினேன்.

கைப்பிடிக்குக் கீழே கதவில் ஒரு மடிப்பு ஓடும் அல்லவா, அங்கேதான் முதலில் துணியில் நீலம் வந்தது. அப்பாடா என்றேன் மாமா. வாய்விட்டே சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் மடிப்பு நெடுகிலும் தேய்த்துவிட்டுத்தான் ஈரத்தைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் அப்பியது மாதிரி மங்கிக் கிடந்தது. மினுக்கும் இல்லை, நீலமும் இல்லை.

சாயங்காலம் நீங்கள் வந்து கதவைப் பார்த்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் குந்தி, அந்த இடத்தை விரலால் தொட்டீர்கள்.

"நெறத்துக்கு மேல கிளியரு அடிச்சிருந்தன் மாது. சொல்லாம போயிட்டன்."

அப்படி ஒரு பூச்சு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடியில் நிறம், அதற்கு மேல் நிறமே இல்லாத கிளியர். தேய்ப்பதெல்லாம் அந்தக் கிளியரைத்தான், நிறத்தைத் தொடவே கூடாது. துணி வெள்ளையாக இருந்தால்தான் வேலை சரியாக நடக்கிறது. நான் இத்தனை வருஷம் நம்பியதற்கு நேர் எதிர்.

"பஸ்ஸு ஏறறப்ப ஒரு வார்த்த சொன்னா வாயி கொறஞ்சா போயிடும்?" என்று கத்தினேன். உங்கள் மேல் பாதிக் கோபம், என் மேல் பாதி. நீங்கள் திருப்பிக் கத்தவில்லை. "தப்பு எம்மேலதான்" என்று சொல்லிவிட்டு, டின்னில் எவ்வளவு நிறம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டீர்கள். கொஞ்சம்தான் இருந்தது. மண்டிக்காரர் மகளுக்கு நிச்சயதார்த்தம், மூன்றாம் நாள் வண்டி வேண்டும். பெங்களூர் போய் வர நேரம் இல்லை.

அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் தொட்டு அடித்தீர்கள். நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்தது. மற்றக் கதவையும் போனட்டையும் நான் தேய்த்தேன். வெள்ளைத் துணியை நம்பித் தேய்க்க அன்றைக்குத்தான் பழகினேன். பழைய மெல்லிய புடவைத் துண்டை உள்ளங்கைக்கு அடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு புள்ளிகூட நெருடவில்லை.

மண்டிக்காரர் வந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன், அடுப்படிக்குப் போக மனசு வரவில்லை. போனட்டைப் பார்த்து, "அடேங்கப்பா, மூஞ்சி தெரியிதுய்யா" என்றார். அப்புறம் கதவுப் பக்கம் போனார். வெயில் அந்தப் பக்கம்தான்.

"யாருய்யா இத தேச்சது?"

"நாந்தாங்க. கை தவறிடிச்சி."

அவர் போட்ட சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக வண்டியைக் குட்டிச்சுவராக்கிவிட்டாய் என்று ஒருமையில் பேசினார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். நான் துணியை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் கடத்தூர்ப் பக்கம் உங்களைப் பற்றித்தான் ஒரே பேச்சு, தீர்த்தகிரிக்குக் கை போய்விட்டது என்று. கார் வருவது நின்றது. லாரி பாடிதான் வந்தது. நீங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. பத்து மாதம் கழித்து நெஞ்சு வலி வந்து நீங்கள் போனீர்கள். உங்களைக் கிடத்தியிருந்தபோது பந்தலில் ஒருத்தர் சொன்னார்: "நல்ல வேலக்காரன். கடைசில கண்ணு கொஞ்சம் மங்கிடிச்சி போல." நான் பத்தடி தள்ளி அழுதுகொண்டிருந்தேன், என் காதில் விழுந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை நினைக்காமல் இந்த ஒரு வருஷத்தில் ஒரு நாளும் நான் துணியைக் கையில் எடுத்ததில்லை.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் மாமா? கிளியர் இருப்பதைச் சொல்லாமல் போனது உங்கள் தப்பு என்று நினைத்துச் சொன்னீர்களா? அந்த ஆள் என்னைப் பேசக்கூடாது என்றா? இல்லை, பளபளப்பு யார் கை என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றா? மூன்றும் இருக்கலாம். கேட்பதற்கு எனக்குப் பத்து மாதம் இருந்தது. உப்பு, புளி, பள்ளிக்கூடம் எல்லாம் பேசினோம், இதைப் பேசவில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் மண்டிக்காரர் அதே வண்டியோடு வந்தார். நீங்கள் தொட்டு அடித்த இடம் வெளுத்துவிட்டதாம். ஒரு பக்கம் முழுக்கப் புதிதாக அடிக்க வேண்டுமாம். முருகேசனுக்குத் தலை கால் புரியவில்லை. இந்த ஒரு கார் நல்லபடியாக முடிந்தால் கடத்தூரிலிருந்து மற்றக் காரும் வரும். வராவிட்டால் லாரி பாடியை நம்பித்தான் செல்வியைப் படிக்க வைக்க வேண்டும்.

அவர் முருகேசனிடம் சொன்னார்: "ஒங்க அண்ணனுக்குக் கை போயிடிச்சி, பாவம். அதான் நான் இந்தப் பக்கமே வரல. ஒனக்காச்சும் கை நிக்குமா?"

"நிக்குங்க" என்றான் முருகேசன்.

அந்த 'பாவம்' என்கிற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் ஒட்டிய காம்பவுண்டோடு திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். முருகேசன் கண்ணைக் காட்டினான். "அண்ணி, உள்ள போங்க. பேசிக்கிட்டிருக்கமில்ல?" என்றான். நான் போகவில்லை.

"ஐயா, அன்னிக்கி அந்தக் கதவக் கெடுத்தது அவரு இல்லீங்க. நாந்தான்."

"நீயா? நீ எதுக்கும்மா வண்டியத் தொட்ட?"

"எப்பவும் நாந்தாங்க தேய்க்கிறது. பன்னெண்டு வருசமா. மேல கிளியரு இருக்கறது தெரியாம, துணியில நெறம் வரட்டும்னு தேச்சிட்டன். அவரு ஊர்லயே இல்லீங்க, காரியத்துக்குப் போயிருந்தாரு. உங்ககிட்ட திட்டு வாங்குனது மட்டுந்தான் அவரு."

மண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றி முன்பக்கம் போய் நின்றார்.

"அப்ப இந்த போனட்டு?"

"அதுவும் நாந்தாங்க."

சொல்லும்போது அழுகைதான் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை இன்னொரு மனுஷரிடம் சொல்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் வண்டியில் ஏறினார், போய்விட்டார். முருகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொழப்ப நீங்களே கெடுத்துக்கிட்டீங்க அண்ணி" என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் சொன்னதிலும் தப்பில்லை.

நான்காம் நாள் எதிர் டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். ஏதோ கெட்ட சேதி கொண்டு வந்தவர் மாதிரி தயங்கினார்.

"கடத்தூர்க்காரங்க டீ குடிக்க வந்தாங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. மண்டியில எல்லாம் அதே பேச்சாம். தீர்த்தகிரி கை தவறவே இல்லியாம், அவரு சம்சாரம் கெடுத்ததாம். அப்பிடிப் பேசறாங்கம்மா."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னார்.

மண்டிக்காரர் வண்டி இன்னும் வரவில்லை. வருமா என்று தெரியாது. வந்தால் வெள்ளைத் துணியில் தேய்ப்பேன். வராவிட்டால் லாரி இருக்கிறது, என் தோள் இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன் மாமா. நான் செய்த தப்புக்கு வரவேண்டிய திட்டை இனி ஒருத்தரையும் வாங்கவிடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள், உங்கள் பெண்டாட்டி,
பட்டறையில் வண்டி தேய்க்கும்
மாதம்மாள்